மொராக்கோ விருந்தில் தொடுகறிகள்

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கிறோம். நமக்குச் சோறுதான் முதன்மை. மற்றவை எல்லாம் அதற்குத் துணை. கறியை நடுவில் வைத்துவிட்டு, அதற்குத் துணையாக எதை வைப்பது என்று யோசிக்கும் நாடுகளும் உலகில் உண்டு. ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் மொராக்கோ அத்தகைய நாடு என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தோன்றும். செம்மறியாட்டுக் கறி இல்லாமல் அங்கே பெரிய விருந்து நடப்பது அரிது. அந்தக் கறியோடு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கலாகாது, எது முன்னால் வரவேண்டும், எது பின்னால் வரவேண்டும் என்பதற்கெல்லாம் அந்நாட்டுச் சமையலறைகளில் எழுதாச் சட்டங்கள் பல இருக்கின்றன.

இச்சட்டங்களை இயற்றியது நாக்கு மட்டும் அன்று. ஆட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கும், பன்னிரண்டாம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கும், நாடு கடத்தப்பட்ட அகதிகளுக்கும், சரக்கை விற்க இடம் தேடி அலைந்த கப்பல் வணிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தொடுகறி எது, முதன்மை உணவு எது என்ற கேள்வியே இறுதியில் தலைகீழாகிவிடுவதையும் காண்போம்.

ஆட்டுக் கொழுப்பின் குணம்

முதலில் ஆட்டைப் பார்ப்போம். செம்மறியாடு அசைபோடும் விலங்கு. அது மேயும் புல்லில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் நிறைவுறாத வகையைச் சேர்ந்தது. ஆனால் ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தக் கொழுப்போடு ஹைட்ரஜனைச் சேர்த்து, அதை ஸ்டீயரிக் அமிலம் போன்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. எண்ணெயை வனஸ்பதியாக்கத் தொழிற்சாலையில் செய்கிறார்களே, அதே ஹைட்ரஜனேற்றம்தான்! ஆலையும் இல்லை, நிக்கலும் இல்லை. ஆட்டின் வயிறே ஆலை.

இதன் விளைவாக ஆட்டுக் கொழுப்பு கெட்டியாகிறது. அது உருகுவதற்கு ஏறக்குறைய 45 முதல் 50 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். நம் உடலின் வெப்பமோ 37 டிகிரிதான். எனவே, ஆறிப்போன ஆட்டுக்கறியைத் தின்றால் கொழுப்பு வாயில் உருகாமல், அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்கிறது. ஆறிய பிரியாணியைச் சாப்பிட்டவர்கள் இதை அறிவார்கள். இன்னொன்று வாடை. 4-மெதில் ஆக்டனாயிக் அமிலம் முதலிய சில கிளைத்தொடர் கொழுப்பு அமிலங்கள் ஆட்டுக்கு அதற்கே உரிய வாடையைத் தருகின்றன. ஆடு முதிர முதிர இந்த வாடை மிகும்.

ஆக, ஆட்டுக்கறியின் பக்கத்தில் வைக்கப்படும் பண்டத்துக்குச் செய்யவேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. சூடாக இருந்து கொழுப்பை உருகிய நிலையில் வைக்கவேண்டும். அல்லது வழியும் கொழுப்பையும் சாற்றையும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அல்லது புளிப்பும் துவர்ப்பும் தந்து வாயைத் துப்புரவாக்க வேண்டும். அல்லது தன் மணத்தால் வாடையை அடக்கவேண்டும். புளிப்பு கொழுப்பைக் கரைத்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. எலுமிச்சைச் சாற்றில் கொழுப்பு கரையாது. புளிப்பு பட்டவுடன் உமிழ்நீர் பெருகுகிறது. அந்த உமிழ்நீர்தான் வாயைக் கழுவிவிடுகிறது.

வேதியியல் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மொராக்கோ நாட்டுச் சமையற்காரர்கள் இந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் பிடித்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம்தான் வேறு.

வைத்தியர் வகுத்த பந்தி

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மொராக்கோவும் ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. அல்மொகாத் என்னும் பெர்பெர் மரபினர் மராக்கேஷ் நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். அம்மரபின் மன்னர் அப்து அல்-முமினுக்காக, செவில் நகர மருத்துவர் இப்னு சுகர் உணவுகளின் குணங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1162 இல் மறைந்த இந்த மருத்துவரை ஐரோப்பியர் அவென்சோவர் என்று அழைத்தனர்.

அக்கால மருத்துவம் கிரேக்க அறிஞர் காலனின் கொள்கையைப் பின்பற்றியது. நம் நாட்டில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று சொல்வதுபோல், அவர்கள் இரத்தம், கபம், மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என நான்கு சொன்னார்கள். ஒவ்வோர் உணவுக்கும் சூடு அல்லது குளிர்ச்சி, ஈரம் அல்லது வறட்சி என்ற குணம் உண்டு. ஆட்டுக்குட்டியின் இறைச்சி சூடும் ஈரமும் உடையது; புளிக்காடி குளிர்ச்சியும் வறட்சியும் உடையது; ஆகவே ஒன்றை மற்றொன்றால் சமன்செய்ய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கொள்கை பிழையானதுதான். ஆயினும் அது காட்டிய வழியில் சென்றவர்கள் கொழுப்புக்குப் பக்கத்தில் புளிப்பை வைத்தார்கள். பிழையான காரணம் நல்ல பந்தியைப் படைத்த விந்தை இது!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சமையல் நூல்கள் இரண்டு இந்தப் பகுதியிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்றின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. மற்றொன்று முர்சியா நகரில் பிறந்து, கிறித்தவப் படையெடுப்பினால் ஊரைவிட்டு வெளியேறி, துனிஸ் நகரில் குடியேறிய இப்னு ரசீன் அத்துஜிபி எழுதியது. முதல் நூல் ஒரு பந்திப் பிரச்சினையைப் பேசுகிறது. எல்லாப் பண்டங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் குவிப்பதைவிட, ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே கொண்டுவருவதே நாகரிகம் என்று அதன் ஆசிரியர் வாதிடுகிறார். மொராக்கோ நாட்டுப் பெருவிருந்துகளில் இன்றும் பண்டங்கள் வரிசையாகவே வருகின்றன.

எலுமிச்சையும் ஒரு யாத்திரிகரும்

உப்பில் ஊறவைத்த எலுமிச்சை இல்லாத மொராக்கோ வீடு அரிது. பழத்தை நான்காகக் கீறி, உப்பை அடைத்து, சாடியில் அழுத்தி வைத்துவிடுவார்கள். உப்பு பழத்திலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. உப்பைத் தாங்கும் நுண்ணுயிர்கள் மெல்ல நொதித்தலைத் தொடங்குகின்றன. சில வாரங்களில் தோல் மென்மையாகிவிடுகிறது. உள்ளிருக்கும் சதையை எறிந்துவிட்டுத் தோலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மணமுள்ள எண்ணெய் இருப்பது தோலில்தானே! நம் ஊர் எலுமிச்சை ஊறுகாயிலிருந்து மிளகாயையும் எண்ணெயையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய இதுதான்.

உறவு இங்கே கற்பனையன்று. எலுமிச்சை இனத்தின் தாயகம் இமயமலையின் கிழக்கு அடிவாரமும் அதை ஒட்டிய பகுதிகளும் ஆகும். அங்கிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக இவ்வினம் மேற்கே சென்றது. பெயரும் கூடவே சென்றது. வடமொழியின் நாரங்கம், பாரசீகத்தில் நாரங்க் ஆகி, அரபியில் நாரஞ்ச் ஆகி, ஸ்பெயின் வரை எட்டியது. இச்சொல்லின் வேர் நம் நாரத்தையோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல் என மொழியியலார் பலர் கருதுகின்றனர்.

மொராக்கோவின் தான்ஜியர் நகரில் 1304 இல் பிறந்த இப்னு பதூதாவைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சென்ற இடங்களில் மன்னர்களைப் பற்றி எழுதியதோடு, இலையில் என்ன வைத்தார்கள் என்பதையும் எழுதிவைத்த நல்ல மனிதர் அவர். கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிஷு நகரில், நெய்ச்சோற்றுடன் உப்பிலும் காடியிலும் ஊறிய எலுமிச்சை, மிளகு, பச்சை இஞ்சி, மாங்காய் ஆகியவற்றைக் கண்டார். ஒரு கவளம் சோறு, உடனே ஒரு துண்டு ஊறுகாய் என்று அவ்வூரார் சாப்பிட்ட முறையைக் குறிக்கிறார். அவ்வூரார் ஒருவர் சாப்பிடுவதை நம்மவர் பலர் சேர்ந்துதான் சாப்பிட முடியும் என்று வியக்கவும் செய்கிறார்! இந்தியாவின் மேற்குக் கரையில் ஹொன்னாவரிலும் இதேபோன்ற ஊறுகாய்களுடன் விருந்துண்டார். சோறே தின்று தின்று, தண்ணீர் குடிக்காமல் அது தொண்டையில் இறங்காத நிலை வந்துவிட்டது என்று அலுத்துக்கொள்வதும் உண்டு.

1344 இல் அவர் இலங்கையின் புத்தளம் கரையில் இறங்கினார். வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவாப்பட்டை மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததையும், சோழமண்டலக் கரையினரும் மலபாரினரும் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, பதிலுக்கு யாழ்ப்பாண மன்னருக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்ததையும் எழுதினார். பின்னர் மதுரைக்கும் வந்துசென்றார். அவருடைய தாய்நாட்டில் இன்று ஆட்டுக்கறிக்குப் பின் பரிமாறப்படும் ஆரஞ்சுச் சுளைகளின்மேல் தூவப்படுவது அந்தக் கறுவாப்பட்டையின் தூள்தான்.

எலுமிச்சையுடன் இணைபிரியாமல் வருவது ஒலிவக் காய். மரத்திலிருந்து பறித்த காயை வாயில் வைக்க முடியாது; ஒலியூரோபின் என்னும் பொருள் அத்தனை கசப்பைத் தருகிறது. காயைத் தட்டி, நாள்தோறும் நீரை மாற்றி ஊறவைத்தும், உப்புநீரில் நொதிக்கவிட்டும் அந்தக் கசப்பைப் போக்குகிறார்கள். சிறிதளவு கசப்பை வேண்டுமென்றே மிச்சம் வைப்பதும் உண்டு. கொழுப்புக்கு அதுவும் ஒரு மாற்று.

எது எதனோடு சேரும்?

ஆட்டைச் சமைக்கும் முறைக்கேற்பத் துணை மாறுகிறது. முழு ஆட்டை நெருப்பில் வாட்டும் மெஷ்விக்கு உப்பும் சீரகத் தூளும் ரொட்டியும் போதும். வேறெதையும் வைத்தால் வாட்டியவரை அவமதித்ததாகும் என்றுகூடச் சொல்லலாம். கூம்பு மூடியிட்ட மண்சட்டியில் மெல்ல வேகும் தாஜின் கறியில் உலர்ந்த பிளம் பழமும் வாதுமையும் தேனும் சேரும்போது அது இனிப்பாகிவிடும். அதற்கு முன்னால், சீரகமும் எலுமிச்சையும் சேர்த்த காரட், சுட்டு மசித்த கத்தரிக்காய், முள்ளங்கி என்று புளிப்பும் உவர்ப்புமான சிறு கிண்ணங்கள் வரிசையாக வரும். தாஜினைத் தின்பது தடித்த வட்ட ரொட்டியைக் கொண்டு. கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் ரொட்டித் துண்டைப் பிடிக்க, அதுவே கரண்டியாகிறது. வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் தெருவிலுள்ள பொது அடுப்புக்கு அனுப்பிச் சுட்டுவாங்குவது பழைய நகரங்களின் வழக்கம்.

மேல்நாட்டு உணவு விடுதிகளில் தாஜின் கறியைக் குஸ்குஸின்மேல் ஊற்றித் தருகிறார்கள். மொராக்கோ மரபுக்கு இது ஒவ்வாதது. அங்கே தாஜினுக்கு ரொட்டி. குஸ்குஸ் தனி உணவு. பெருவிருந்தில் கறிகள் எல்லாம் வந்துபோன பிறகு, யாரும் பசியோடு எழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கடைசியில் வருவது அது. அதேபோல், ஹரிசா என்னும் மிளகாய் விழுதை மொராக்கோவின் அடையாளமாகக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அதன் சொந்த ஊர் துனிசியா.

குஸ்குஸ் என்றவுடன் கசகசாவை நினைத்துவிடாதீர்கள். இது கடினக் கோதுமையின் ரவை. ரவையின்மேல் நீரைத் தெளித்து, சிறிது மாவைத் தூவி, உள்ளங்கையால் வட்டமாக உருட்டினால், ரவை நடுவில் இருக்க மாவு அதைச் சுற்றி ஒட்டிச் சிறு மணிகள் உண்டாகின்றன. சலித்த மணிகளைத் துளையிட்ட பாத்திரத்தில் இட்டு, கீழே குழம்பு கொதிக்க, அதன் ஆவியில் வேகவைக்கிறார்கள். நம் புட்டுக்குடத்தின் தத்துவமேதான். ஆனால் புட்டு ஒரு முறை வேகும். குஸ்குஸ் இரண்டு அல்லது மூன்று முறை வேகும். ஒவ்வொரு முறையும் வெளியே கொட்டி, எண்ணெயும் நீரும் தெளித்துக் கையால் உதிர்த்துவிட வேண்டும். மாவுச்சத்து மெதுவாக நீரை ஏற்று உப்புகிறது. எண்ணெய் மணிகளை ஒட்டவிடாமல் பிரிக்கிறது. ஒரே தடவையில் நீரை ஊற்றிக் கொதிக்கவைத்தால் கிடைப்பது கஞ்சிதான்.

இது பெர்பெர் மக்கள் உலகுக்குத் தந்த உணவு. மேலே சொன்ன பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல்கள் இரண்டிலும் குஸ்குஸ் இடம்பெறுகிறது. இப்னு பதூதா 1352 இல் சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றபோது, அங்கே ஒரு சிறுதானியத்தில் குஸ்குஸ் செய்வதைக் கண்டு குறித்துவைத்தார். 2020 இல் அல்ஜீரியா, மொரிட்டானியா, மொராக்கோ, துனிசியா ஆகிய நான்கு நாடுகளும் கூட்டாக விண்ணப்பித்து, யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் குஸ்குஸைச் சேர்த்தன. அடுத்த ஆண்டே அல்ஜீரியா மொராக்கோவுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. சமையலறையில் ஏற்பட்ட உடன்பாடு அரசியலுக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மொராக்கோ வீடுகளில் செய்யப்படும் குஸ்குஸின்மேல் ஏழு காய்கறிகளை அடுக்குவது வழக்கம். நூல்கோல் போன்ற டர்னிப், காரட், முட்டைக்கோசு, கொண்டைக்கடலை ஆகியவை பழைய உலகத்தவை. பூசணியும் சீமைச் சுரைக்காயும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை; 1492 இல் கொலம்பஸ் கடலைக் கடப்பதற்கு முன் எந்த மொராக்கோ சமையற்காரரும் அவற்றைக் கண்டதில்லை. அதற்கு முற்பட்ட நூல்களில் வரும் சுரை, நம் கொடிச் சுரைக்காய்தான். அதே 1492 இல் ஸ்பெயினிலிருந்து யூதர்களும், 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் எனப்பட்ட முஸ்லிம் வழிவந்தோரும் துரத்தப்பட்டனர். அவர்களுள் பலர் மொராக்கோவின் பேஸ், தெத்துவான், ரபாத் நகரங்களில் குடியேறினர். வீட்டை இழந்து வந்தவர்கள் சமையலை இழக்காமல் வந்தனர். இறைச்சியுடன் பழத்தையும் வாதுமையையும் சேர்க்கும் அந்தலூசியப் பழக்கம் அவர்களால் இந்நகரங்களில் மேலும் வேரூன்றியது.

தேநீர் வந்த கதை

புதினாத் தேநீர் இல்லாமல் விருந்து முடியாது. இதுவே மொராக்கோவின் மிகப் பழைய மரபு என்று பயணிகளிடம் சொல்வார்கள். உண்மையில் இது மேசைக்குக் கடைசியாக வந்த விருந்தாளி. பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலை அரண்மனைக்கு மட்டும் எட்டிய அன்பளிப்புப் பொருள். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின்போது, வழக்கமான சந்தைகளில் விற்க முடியாமல் தேங்கிய சீனப் பச்சைத் தேயிலையை ஆங்கில வணிகர்கள் தான்ஜியர், மொகதோர் துறைமுகங்களில் கொண்டுவந்து இறக்கினர். முன்பே காய்ச்சிக் குடித்துவந்த புதினாவுடன் அது கூட்டுச் சேர்ந்தது. சர்க்கரையும் கூடவே ஏராளமாக வந்தது. சர்க்கரை அந்நாட்டுக்குப் புதியதன்று. 1578 முதல் 1603 வரை ஆண்ட அகமது அல்-மன்சூர் காலத்தில் மொராக்கோ கரும்புச் சர்க்கரையை ஏற்றுமதி செய்தது. மராக்கேஷ் அரண்மனைக்கு இத்தாலியப் பளிங்கை எடைக்கு எடை சர்க்கரை கொடுத்து வாங்கினார்கள் என்றுகூடச் சொல்வார்கள். பின்னர் அத்தொழில் அழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சர்க்கரை கூம்புகளாக வந்திறங்கியது.

போர் தள்ளிவிட்ட சரக்கு ஏன் இப்படி நிலைத்தது? ஆட்டுக் கொழுப்புக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். சூடு கொழுப்பை உருக்குகிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதத்தோடு இணைந்து, வாயின் வழவழப்பைப் போக்குகின்றன. துவர்ப்பும் கொழுப்பும் நாவில் எதிரெதிர் உணர்வுகள் என்று சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் ஒரு குறையும் உண்டு. தானியத்திலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதை இதே துவர்ப்புப் பொருள்கள் தடுக்கின்றன. கறி நிறைந்த விருந்தில் இது பெரிதன்று. கறியே இல்லாத வீட்டில் ரொட்டியும் தேநீருமே உணவாகும்போது இது சிறிய விஷயமன்று.

அத்தகைய வீடுகள் எத்தனையோ இருந்தன. மலைக் கிராமங்களில் ஆட்டை வளர்த்தவர்களே ஆண்டில் சில நாள்கள்தாம் அதன் கறியைக் கண்டார்கள். 1945 இன் பஞ்சத்தை மொராக்கோ மக்கள் பங்கீட்டுச் சீட்டு ஆண்டு என்றே பெயரிட்டு நினைவில் வைத்திருக்கிறார்கள். வாற்கோதுமைக் குஸ்குஸ்கூட அப்போது எல்லார்க்கும் கிட்டவில்லை. இப்போது அந்தப் பெரிய மண்தட்டை மீண்டும் பாருங்கள். விளிம்பு வரை குஸ்குஸ். அதன்மேல் காய்கறிகளும் கொண்டைக்கடலையும். நடுவில், காய்களுக்கு அடியில், சில துண்டு ஆட்டுக்கறி. ஒவ்வொருவரும் தமக்கு எதிரே இருக்கும் பகுதியை மட்டும் உண்கிறார்கள். கறியை இறுதியில் வீட்டுப் பெரியவர் பிய்த்துப் பகிர்ந்து கொடுக்கிறார். கோதுமைப் புரதத்தில் குறைவாக உள்ள லைசீன் கொண்டைக்கடலையில் நிறைய இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குறை நீங்குகிறது. அந்தச் சிறிதளவு கறியோ, தானியத்திலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. வயிற்றை நிரப்புவது குஸ்குஸ். அதற்குத் தொட்டுக்கொள்ள வந்தது ஆடு!

1996 இல் கடும் வறட்சியினால் மந்தைகள் நலிந்தபோது, அந்த ஆண்டுத் தியாகத் திருநாளில் ஆடு அறுக்க வேண்டாம் என்று மன்னர் இரண்டாம் ஹஸன் மக்களைக் கேட்டுக்கொண்டார். 2025 இல், மீண்டும் பல ஆண்டு வறட்சிக்குப் பின், அவர் மகன் ஆறாம் முகம்மது அதே வேண்டுகோளை விடுத்தார். தியாகத் திருநாளின் முதல் நாள், ஆட்டு ஈரலைச் சவ்வுக் கொழுப்பில் சுற்றிக் கம்பியில் கோத்துச் சுட்டு, ரொட்டியோடும் தேநீரோடும் உண்பது அங்கே வழக்கம். ஆடு அறுக்காத அந்த ஆண்டு, திருநாளுக்கு முந்திய நாள்களில் கறிக்கடைகளில் ஈரலின் விலை ஏறியது. எலுமிச்சைச் சாடியும், ஒலிவக் காயும், உருட்டிக் காயவைத்த குஸ்குஸ் மணிகளும் வீட்டில் முன்போலவே இருந்தன.